நிற்காத கார்னெட்

"என் கார்னெட் ஜாஸுக்கு ஒத்துவரல, டீச்சர். வேற ஒண்ணு பார்த்துக் கொடுங்க."

கேட்டவர் தேவசகாயம். ஐம்பத்து மூணு வயசு. ஈவ்லின் டீச்சருக்கு முப்பத்தைந்துதான். பெரம்பூரில் ஒரு மாடி அறையில் ஊதுகிற வாத்தியங்களைப் பழுது பார்ப்பார், விற்பார், ஜாஸும் சொல்லிக் கொடுப்பார். வயசில் சின்னவரை டீச்சர் என்று கூப்பிட தேவசகாயத்துக்கு முதல் நாள் மட்டும்தான் கூச்சமாக இருந்தது.

"என்ன கோளாறு?"

"நடுவுல நின்னுடுது."

குட்டி டிரம்பெட் மாதிரி இருந்த அந்தக் கார்னெட்டை டீச்சர் வாங்கிப் பார்த்தார். வால்வை அழுத்தினார். குழாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். தானே ஒருமுறை ஊதியும் பார்த்தார். கார்னெட் கிண்ணென்று இருந்தது.

"யார் சொன்னது நிக்குதுன்னு?"

"ரோனி சொன்னாரு."

ரோனி ஒரு ஜாஸ் குழு வைத்திருக்கிறார். அதில் ஒரு இடம் காலி. தேவசகாயம் போய் வாசித்துக் காட்டினார். ஜாஸில் பாட்டு நடுவே ஒவ்வொருத்தருக்கும் தனியாக வாசிக்க ஒரு முறை வரும். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், முறை வந்தவர் மனசில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். தேவசகாயத்தின் முறை வந்தது. கார்னெட் நின்றுவிட்டது.

"சனிக்கிழமை நாலு மணிக்கு இன்னொரு தடவை பார்ப்போம்னு சொல்லியிருக்காரு. அன்னைக்கும் நின்னா வேற ஆள் போட்டுடுவாங்க."

"போட்டா போடட்டும். உங்களுக்குத்தான் பேண்டு செட் இருக்கே."

"அதை விட்டுட்டேன் டீச்சர். ரெண்டு மாசமாச்சு." அவர் குரல் இறங்கியது. "வீட்ல சும்மா இருக்க முடியல. ஊதாம சோறு இறங்க மாட்டேங்குது. இந்த இடமும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னே தெரியல."

டீச்சர் எழுந்து அலமாரியைத் திறந்தார்.

மூன்று கார்னெட்டுகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்று வாய் நசுங்கின பழைய பித்தளை. ஒன்று வெள்ளி முலாம் போட்டது. ஒன்று புத்தம் புதுசு, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு.

"எது நிக்காம போகுதோ, அதை எடுத்துக்குங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தேவசகாயம் உதடு வைக்கிற மவுத்பீஸைச் சட்டையில் துடைத்தார். முதலில் நசுங்கினதை எடுத்தார். அடக்க ஊர்வலத்தில் வாசிக்கிற பாட்டைத்தான் ஊதினார். இருபத்தெட்டு வருஷமாக ஊதிய பாட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

நாலாவது வரி முடிந்தது. கார்னெட் நின்றது.

"பாருங்க, நான் சொல்லல?"

வெள்ளி முலாமை எடுத்தார். நாலாவது வரி முடிந்தது. நின்றது.

புதுசும் அதே இடத்தில் நின்றது.

"மூணும் நிக்குது டீச்சர். அதுலயும் இந்த நசுங்கினது இருக்கே, சுத்த மோசம். சட்டுனு கழுத்தைப் பிடிச்ச மாதிரி நின்னுடுது."

"மூணும் ஒரே இடத்துலயா?"

"ஆமா, ஒரே இடத்துல."

"ஆச்சரியமா இருக்கே!" என்றார் டீச்சர். அவர் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "சனிக்கிழமை மூணு மணிக்கு வாங்க. பார்க்கலாம்."

தன் மேல்தான் தப்பு என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? பித்தளை பாவம், திருப்பிப் பேசாது. இரண்டு நாள் தேவசகாயம் தன் கார்னெட்டைத்தான் திட்டினார். வால்வு எண்ணெயை மாற்றினார். மவுத்பீஸை வெந்நீரில் போட்டு எடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

சனிக்கிழமை மூணு மணிக்கு மாடி ஏறினார். மேஜை மேல் அதே மூன்று கார்னெட்டுகள்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன டீச்சர் விளையாடுறீங்களா? நாலு மணிக்கு நான் அங்க நிக்கணும். வேற கார்னெட் எங்க?"

"வரல."

"அப்ப எதுக்கு என்னை வரச் சொன்னீங்க?"

"ஒண்ணு கேட்கணும். நிக்குற இடத்துல இடது பக்கம் திரும்பிப் பார்க்குறீங்களே, அங்க யாரு?"

தேவசகாயம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ரெண்டாம் கார்னெட், டீச்சர்."

"சரி."

"நாலு வரி சேர்ந்து வாசிப்போம். அப்புறம் நான் நிறுத்திடணும். முதல் கார்னெட் தனியா மேல ஏறி வாசிக்கும். அது முடிச்சப்புறம் நான் சேர்ந்துக்கணும். பேண்டுல அதான் முறை."

"முதல் கார்னெட் யாரு?"

"சூசை. என் இடது பக்கம்தான் நிப்பான்."

"இப்ப எங்க?"

"கீழ்ப்பாக்கம் கல்லறையில." அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜூன் மாசம். நெஞ்சு வலின்னு சொன்னான், அரை மணி நேரம் கூட தாங்கல."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அவன் இடத்துல வேற ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துனாங்க. நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. என்னால அவன் பக்கத்துல நிக்க முடியல. விட்டுட்டு வந்துட்டேன்."

"சூசை அடக்கத்துக்கு யார் வாசிச்சா?"

"நாங்கதான். பேண்டுக்காரன் செத்தா அவன் பங்கை யாரும் வாசிக்கக் கூடாது. அந்த இடம் வந்ததும் எல்லாரும் நிறுத்திட்டோம். சும்மா நடந்தோம். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுது. அப்புறம் மறுபடி ஆரம்பிச்சோம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அய்யோ, அந்த நடையை என்னால மறக்கவே முடியல டீச்சர்."

கீழே ஒரு மின்சார ரயில் போனது.

"அந்த இடத்துல சூசை என்ன வாசிப்பாரு?"

"அதைக் கேட்காதீங்க!" தேவசகாயத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாள் வாசிச்சதை மறுநாள் வாசிக்க மாட்டான். பேண்டு மாஸ்டர் திட்டாத நாள் இல்ல. ஒரு தடவை கல்யாண ஊர்வலத்துல குதிரை கனைச்சுது. அதே மாதிரி ஊதிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குறான். கிறுக்குப் பய."

"நீங்க கேட்டிருக்கீங்க."

"இருபத்தெட்டு வருஷம் பக்கத்துலயே நின்னிருக்கேன். நான் கேட்காம வேற யாரு கேட்டிருப்பா?"

"ம்" என்றார் டீச்சர்.

நசுங்கின கார்னெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுதான் சுத்த மோசம்னு சொன்னேனே."

"தெரியும். ஊதுங்க."

டீச்சர் திரும்பி உட்கார்ந்து ஒரு டிராம்போனைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

தேவசகாயம் ஊதினார். முதல் வரி. இரண்டு. மூன்று.

நாலாவது வரி முடிந்தது.

நின்றது.

அவர் இடது பக்கம் பார்த்தார். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. ஜன்னல் திறந்திருந்தது. ஏறி வாசிக்க அங்கே யாரும் இல்லை.

டீச்சர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தேவசகாயம் கார்னெட்டை இறக்கவில்லை. மவுத்பீஸ் உதட்டிலேயே இருந்தது. மூச்சு உள்ளே போனது. போன மூச்சு வெளியே வந்துதானே ஆக வேண்டும்?

ஒரு ஸ்வரம் வந்தது. பிசிறடித்தது. அதைச் சரி செய்யப் போய் இன்னொன்று வந்தது. அது சூசை வாசிப்பது போல இல்லை. மாஸ்டர் எழுதிக் கொடுத்ததும் இல்லை. கொஞ்சம் ஏறி, தயங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமலே போனது. ஓரிடத்தில் குதிரை கனைத்தது. தேவசகாயத்துக்கு ஊதும்போதே கண்ணீர் வந்தது. அவர் துடைக்கவில்லை, வால்விலிருந்து விரலை எடுக்க முடியவில்லை.

பாட்டு தானாகத் திரும்பி ஐந்தாவது வரிக்கு வந்து சேர்ந்தது. கடைசி வரை போய் முடிந்தது.

டீச்சர் துணியைக் கீழே வைத்தார். மணி பார்த்தார். மூன்றேகால்.

"சீக்கிரம் சொல்லுங்க அண்ணே. எதை எடுத்துட்டுப் போறீங்க?"

தேவசகாயம் கையிலிருந்த கார்னெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நசுங்கின இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது நிக்கல, டீச்சர்."