தராசிலிருந்து ஒரு முழம்

பருத்தி விளையும் ஊர்களில் இக்கதையைப் பொதியை வைத்துச் சொல்கிறார்கள். நெல் விளையும் ஊர்களில் மூட்டையை வைத்து. தராசு மட்டும் எங்கும் மாறுவதில்லை.

எடை பார்க்கக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றைத் திருமேனியார் நடத்திவந்தார். கூரைக்கு ஓடு போட்ட பிறகு கட்டணத்தை உயர்த்தினார். மாணவி உமையாளால் அதைக் கட்ட இயலவில்லை. பருத்தி வணிகர் சங்கம் அவளுக்குக் கடன் தர முன்வந்தது. படித்து முடித்தபின் கூலியில் கழித்துக்கொள்வார்களாம். அவளும் சம்மதித்துவிட்டாள். பணம் இன்னும் கைக்கு வரவில்லை.

"நான் செய்தது சரியா, ஐயா?"

"நாளை சந்தையில் ஒரு பொதியை நிறுத்துக் காட்டு."

நிறுப்பதற்கு ஒரு முறை உண்டு. விற்பவரும் வாங்குபவரும் தராசிலிருந்து ஒரு முழம் விலகி நிற்க வேண்டும். விலகச் சொல்வது எடைக்காரரின் உரிமை. அரசனே வாங்க வந்தாலும் அந்தக் குரலுக்கு விலகியாக வேண்டும்.

மறுநாள் உழவர் சடையன் பருத்தி கொண்டுவந்தார். வாங்க வந்தவர் சங்கத்துக் குணசீலர்.

"விலகி நில்லுங்கள்" என்றாள் உமையாள், சடையனைப் பார்த்து. அவர் விலகினார். குணசீலரின் கை, எடைக்கல் வைத்த தட்டின் சங்கிலிமேல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு முள்ளைப் பார்த்தாள்.

"பொதி எடை குறைவு."

"தாயி, ஒரு முழம் எனக்கு மட்டுந்தானா?" என்றார் சடையன்.

குணசீலர் சிரித்தார். "என் விரலுக்கு என்னப்பா கனம்? மோதிரம்கூடப் போடவில்லையே."

உமையாள் அருகில் உட்கார்ந்திருந்த ஆசிரியரைப் பார்த்தாள். அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நிமிர்ந்தாள்.

"சங்கத்தாரே, நீங்களும் விலகி நில்லுங்கள்."

சந்தைக் கோடியிலிருந்த உப்புக்கடைவரை அந்தக் குரல் கேட்டது.

"உன் படிப்புக்குப் பணம் தரப்போவது நாங்கள், அம்மா."

"அது வேண்டாம். விலகுங்கள்."

குணசீலர் கையை எடுத்தார். பொதியிருந்த தட்டு தாழ்ந்தது. சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் போனபின் உமையாள் சொன்னாள்: "கட்டணத்துக்கு இனி வழியில்லை, ஐயா. நாளை முதல் பள்ளிக்கு வர இயலாது. ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். பணம் கைக்கே வரவில்லை. முதலில் எனக்கு ஏன் நா எழவில்லை?"

திருமேனியார் எழுந்தார். தராசிலிருந்து ஒரு முழம் பின்னே நகர்ந்து நின்றார்.

"கட்டணத்தை உயர்த்தியவன் நான். அந்தத் தட்டில் முதலில் பட்டது என் கை. ஓடில்லாத கூரையின் கீழும் கற்றுக்கொடுத்திருக்கிறேன், இனியும் கற்றுக்கொடுப்பேன். பழைய கட்டணமே போதும். இதோ, விலகிவிட்டேன். அடுத்த பொதியை ஏற்று."