கயிற்றுக்காரர் கேட்ட கொப்புளம்

"எனக்கு மட்டும் ஏம்மா கொப்புளம் வரமாட்டேங்குது?"

நல்லபெருமாள் இடது கையை நீட்டிக் காட்டினார். முப்பது வருஷமாகத் தேங்காய் நாரோடு மல்லுக்கட்டிக் கயிறு திரித்த கை.

கோமு ஒரு கையால் தூளியை ஆட்டியபடியே அந்த விரல்களைப் பார்த்தாள். அவர் வயசில் பாதிதான் அவளுக்கு. ஆனாலும் வீணை என்று வந்துவிட்டால், அந்த ஆற்றங்கரையில் இருக்கும் ஏழெட்டு ஊருக்கும் அவள்தான் குரு.

"வரும்போது வரும். சரளி வரிசையை வாசிங்க அண்ணாச்சி."

அவர் வாசித்தார். மேலே ஏறி, கீழே இறங்கி. மேலே ஏறி, கீழே இறங்கி. நாலு மாசமாக இதே வேலைதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தந்தியை அழுத்தி அழுத்தி யாருக்கு விரல் கொப்பளிக்கிறதோ, அவருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பாட்டு. கொப்புளம் இல்லையா, பாட்டும் இல்லை.

நல்லபெருமாளுக்கு அப்புறம் வந்தவர்கள்கூட விரலை ஊதிக்கொண்டே பாட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சிக்கு இருப்பது விரலே இல்லை, தேங்காய் மட்டை என்று சிரிப்பு வேறு. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை.

எத்தனையோ வருஷம் ஆற்று மணலில் கயிறு முறுக்கிக்கொண்டே கோமுவின் வீணையைத் தூரத்தில் இருந்து கேட்டவர். சாகிறதுக்குள் ஒரே ஒரு பாட்டு தன் கையில் வந்தால் போதும் என்றுதான் ஐம்பது வயசில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

இப்போது பாட்டு கிடைக்காமல் மிச்சம் இருப்பது இரண்டே பேர். அவர் ஒருத்தர். போன மாசம் வந்து சேர்ந்த பிரமு என்கிற பெண் இன்னொருத்தி.

பிரமுவுக்கும் முந்திக்கொண்டு கொப்புளம் வந்துவிட்டால்?

சந்தையில் நாட்டு மருந்து விற்கிறவரிடம் ஒரு சேராங்கொட்டை வாங்கினார். அதன் பால் பட்ட இடம் வெந்து கொப்பளிக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

ஆற்றங்கரைப் படியில் விரல் நுனியைத் தேய்த்துத் தேய்த்துத் தோலை மெலிசாக்கினார். கொட்டையைக் கீறி, ஆள்காட்டி விரலில் ஒரு சொட்டு, நடுவிரலில் ஒரு சொட்டு.

விடிவதற்குள் இரண்டு விரலும் கொப்பளித்து, பனங்கிழங்கு மாதிரி வீங்கிவிட்டன. மணிக்கட்டு வரைக்கும் அரிப்பு. நல்லவேளை, அந்தக் கையால் முகத்தைத் தொடவில்லை. தொட்டிருந்தால் மூஞ்சியும் சேர்ந்து பாட்டு கேட்டிருக்கும்.

கோமு விரலைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் தந்தியைத் தொட வேண்டாம் என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மற்றவர்கள்தான் கேட்டார்கள். மட்டையே கொப்பளித்துவிட்டதே, எவ்வளவு நேரம் வாசித்தீர் என்று சூழ்ந்துகொண்டார்கள்.

"முதல் கோழி கூவுறதுல இருந்து" என்றார் நல்லபெருமாள்.

வாயைத் திறந்ததும் அதுவாகவே வந்துவிட்டது. பிரமு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வேட்டியைத் துவைத்துக் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். விரலில் வீக்கம் வற்றிவிட்டது. கறுப்பாக ஒரு தழும்பு மட்டும்.

பிரமு கடைசியாக வந்தாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது.

கோமு கையை வெளியே எடுக்கச் சொன்னாள். சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொப்புளம் வந்து, உடைந்து, அதன்மேலேயே மறுபடி வாசித்து, சதை பிளந்து கிடந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

பிரமு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணாச்சி கையே கொப்பளிச்சிருக்குன்னா அவரு எம்புட்டு வாசிச்சிருக்கணும்? நான் சோம்பேறி. வெட்கமா இருந்துச்சும்மா. நானும் கோழி கூவ உக்காந்தேன். வந்துச்சு. அது பத்தாதுன்னு நெனச்சேன்."

கோமு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். பிரமுவின் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.



நல்லபெருமாள் எழுந்தார். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தார். 

"அது தந்தியில வந்த கொப்புளம் இல்ல" என்றார். "சேராங்கொட்டை வச்சேன்."

ஒருத்தன் சிரிக்க வாயெடுத்து அப்படியே மூடிக்கொண்டான்.

பிரமு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெறுமனே பார்த்தாள்.

"பாட்டுக்கு ஆசைப்பட்டுட்டேம்மா" என்றார் கோமுவிடம். "கொப்புளம் வந்தாத்தானே நீங்க பாட்டு தருவீங்க."

"யார் சொன்னா?"

அவர் விழித்தார். எல்லோரும்தான் சொல்கிறார்கள். இந்த வீட்டு வழக்கமே அதுதானே.

கோமு விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டே சொன்னாள். முதன்முதலில் அவளிடம் வந்த பெண், கை கொப்பளித்ததும் அழுதுகொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாளாம். எப்படியாவது நிறுத்தி வைக்க வேண்டுமே என்று, ஒற்றை விரலால் மெல்ல வாசிக்கிற மாதிரி ஒரு சின்னப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தாளாம். அவள் அழுகையை விட்டுவிட்டு வாசித்தாள். அடுத்து அழுதவனுக்கும் கோமு அதையே கொடுத்தாள். அதற்கடுத்தவளுக்கும்.

"கொப்புளத்துக்குன்னு நான் பாட்டு கொடுக்கல அண்ணாச்சி. வலிக்குதுன்னாங்க, கொடுத்தேன்."

நல்லபெருமாள் நின்ற இடத்திலேயே நின்றார். காது இரண்டும் எரிந்தன.

துணியின் நுனியை முடிந்துவிட்டு கோமு கேட்டாள்.

"உங்களுக்கு வலிக்குதா?"

அவர் தன் விரலைப் பார்க்கவில்லை. துணிப்பொட்டலமாகக் கிடந்த பிரமுவின் கையைப் பார்த்தார்.

"வலிக்குதும்மா."

கோமு வீணையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"உக்காருங்க."