நான்கு டிகிரி

பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுவதில் கோயம்புத்தூர் ரெஜினாவுக்குத் தனிப் பெயர் உண்டு. வயது முப்பத்தைந்து. அவரிடம் மாணவராகச் சேர்ந்த தண்டபாணிக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்தியவர். ரெஜினா கட்டிய எஞ்சின் ஒன்று உறுமுவதைக் கேட்டவர், மறுநாளே கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து நின்றார்.

ஒரு நாள் கோத்தகிரியிலிருந்து போஜன் என்பவர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். மனைவி மாதியை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிவருகிறவர்.

"மலை ஏறையில மூச்சு முட்டுதுங்க. கொஞ்சம் சக்தி கூட்டிக் குடுங்க."

ரெஜினா வேலையைத் தண்டபாணியிடம் விட்டார்.

வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் சாஃப்ட். அதை முன்னும் பின்னும் திருப்பி வைக்கத் தோதான பல்சக்கரம் ஒன்றைப் பூட்டி, தண்டபாணி நான்கு டிகிரி பின்னுக்குத் தள்ளினார். வால்வுகள் சற்றுத் தாமதமாகத் திறந்தன. சோதனை மெஷினில் ஓட்டினால் ஒன்பது குதிரைத்திறன் கூடியிருந்தது. அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் படவில்லை.

நான்காம் நாள் போஜன் திரும்பி வந்தார். மாதி பின்சீட்டில் சாய்ந்து கிடந்தார்.

"சமவெளியில பறக்குதுங்க. மலையில முன்னைக்கும் மோசம். வளைவுல நின்னே போச்சு. பின்னாடியே பஸ்ஸு."

தண்டபாணியின் முகம் சுருங்கிப்போனது.

ரெஜினா கார்க் கதவருகே குனிந்தார்.

"அக்கா, எந்த எடத்துல ரொம்பப் பயமா இருக்கு?"

"நாலாவது வளைவு. அங்க கண்ண மூடிக்குவேன்."

இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, தண்டபாணியோடு மலைக்கு ஓட்டினார் ரெஜினா. நாலாவது கொண்டை ஊசி வளைவில் கார் திணறியது.

"அண்ணா, எஞ்சின் சுத்து காட்டுற முள்ளு எங்க நிக்குது?"

"நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்துலீங்க."

"நீங்க கூட்டுன சக்தி எத்தன சுத்துல வருது?"

"ஆறாயிரத்துல."

ரெஜினா ஓரங்கட்டினார். எஞ்சின் சூடு ஆறியதும் மூடியைக் கழற்றி, தண்டபாணி தள்ளிய நான்கு டிகிரியை மீட்டு, இன்னும் நான்கு டிகிரி முன்னுக்குக் கொண்டுவந்தார். லாரிகள் உரசிக்கொண்டு போயின. அவர் கை ஒருமுறைகூடத் தயங்கவில்லை. தண்டபாணி மூச்சுவிடாமல் பார்த்து நின்றார்.

கீழே போய்த் திரும்பி வந்தார்கள். இந்த முறை கார் இரண்டாவது கியரிலேயே, குரல் உயர்த்தாமல், வளைவைச் சுற்றி ஏறியது.

சாயங்காலம் மெஷினில் பார்த்தார்கள்.

"அம்மணி, வண்டி வந்தப்ப இருந்ததவிட ரெண்டு குதிரத்திறன் கொறையுதுங்களே."

"ஆமாண்ணா."

அடுத்த வாரம் போஜன் வந்தார். வாயெல்லாம் சிரிப்பு.

"மலை ஏறையில மாதி வழி பூரா தூங்கிட்டாளுங்க!"

அவர் போன பிறகு தண்டபாணி ஸ்பானரைத் துடைத்து வைத்தார்.

"அம்மணி, ரோட்டோரத்துல நின்னு நீங்க செஞ்சது எத்தன பெரிய வேல! அந்தம்மாவுக்கு அது தெரியவே தெரியாதுங்களே."

ரெஜினா அடுத்த காரின் பானெட்டைத் திறந்தார்.

"அது வண்டியில தெரிஞ்சிருந்தா, முழிச்சுட்டுல்லண்ணா வந்திருப்பாங்க?"