பிளந்த டோபாஸ்

போலின்னு மறுபடி சொல்லாதீங்க முதலாளி. கையில வாங்கிக்கூடப் பார்க்காம மூணு தடவை சொல்லிட்டீங்க. மும்தாஜ் மாஸ்டர் கண்ணாடியைக் கல்லுன்னு விக்கிறாங்க, கடையைக் காலி பண்ண வைக்கணும்னு இந்த நகைக்கடைச் சங்கக் கூட்டத்துல பேசிட்டீங்க. இப்ப நான் பேசுறேன், உக்காருங்க.

நான் யாருன்னுதானே கேட்டீங்க? ஞானசிகாமணி. வயசு நாப்பத்தொண்ணு. மாஸ்டருக்கு முப்பத்திரண்டு. அவங்க என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. ஆனா கல்லு பார்க்கச் சொல்லிக்குடுக்கிறது அவங்கதான். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க.

பாத்திரக் கடையில அண்டா தூக்குற சுகந்தியம்மா எங்ககிட்ட டோபாஸ் கல்லு வாங்க வந்தாங்க. மாஸ்டர் மூணு எடுத்து வெச்சாங்க. வெள்ளை, நீலம், தேன் கலர். நீலம் வெள்ளையா இருந்ததுதான், கதிர்வீச்சுல காட்டிக் கலர் ஏத்துனதுன்னு மறைக்காம சொன்னாங்க. அந்தம்மா தேன் கலரை எடுத்துக்கிட்டாங்க.

அதை மோதிரமாச் செஞ்சது உங்க பட்டறை. மின்னணும்னு நாலே கம்பிப் பிடியில கல்லை உசரமா நிறுத்துனீங்க. இருபதாம் நாள் அண்டா விளிம்புல இடிச்சு ரெண்டாப் பிளந்துருச்சு. அந்தம்மா உங்ககிட்டக் கொண்டுவந்தப்ப, போலின்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டீங்க.

நேத்து அந்த ரெண்டு துண்டையும் மாஸ்டர் முன்னால போட்டேன்.

"அந்த ஆளை நான் சும்மா விடப்போறதில்லை மாஸ்டர்."

அவங்க தனக்குன்னு எடுத்து வெச்சிருந்த தேன் கலர் டோபாஸை வெளிய எடுத்தாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு எடத்துல உளியை வெச்சு லேசா ஒரு தட்டு.

பிளந்துருச்சு.

"ஏன் மாஸ்டர் இப்படி?"

"தடவிப் பாருங்கண்ணே."

தடவினேன். நாலு துண்டுலயும் பிளந்த பக்கம் தட்டையா, பாலிஷ் போட்ட மாதிரி இருந்துச்சு. டோபாஸ் அடிபட்டா இப்படித்தான் நேராப் பிளக்கும்; கண்ணாடி இப்படி உடையாது. சிப்பி மாதிரி குழிஞ்சு உடையும்.

"அப்ப அந்தம்மாவோடது நல்ல கல்லுதான். நாளைக்குச் சங்கக் கூட்டத்துலயே கேக்குறேன்."

"கேளுங்க. கல்லு வாங்குன அன்னைக்கு நான் தொழுகைக்குப் போயிருந்தப்ப, மோதிரமாப் போடலாமான்னு அந்தம்மா கேட்டாங்களாம். நீங்க என்ன சொன்னீங்க?"

"கத்தி வெச்சுக் கீறினாலும் கோடு விழாதுன்னு சொன்னேன். அது நெசந்தானே?"

"நெசந்தான். அடி தாங்குமான்னு சொன்னீங்களா?"

இல்லைன்னு ஒத்துக்கிட்டேன். என்னை அறிஞ்சவங்களுக்குத் தெரியும், அது லேசுல நடக்காது. தோடாப் போடுங்க, கழுத்துல தொங்க விடுங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. எனக்குத் தெரிஞ்சதைக் காட்டிக்கிறதுலயே குறியா இருந்தேன்.

நாலு துண்டையும் பொறுக்கி எடுத்துக்கிட்டே கேட்டேன்.

"அப்ப நாளைக்கு என்ன பேசட்டும் மாஸ்டர்?"

"மொதல்ல உங்க தப்பைப் பேசுங்கண்ணே. அப்புறம் அவர் தப்பைக் கேளுங்க."

என் தப்பைப் பேசிட்டேன் முதலாளி. சுகந்தியம்மா அதோ கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு வேற கல்லு குடுக்க வேண்டியது நான். இதை எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிறேன்.

இந்தாங்க நாலு துண்டு. இந்தாங்க லென்ஸ். நிதானமாப் பாருங்க, அவசரமில்லை. பார்த்துட்டு, போலின்னு சொன்ன அதே மைக்கைப் பிடிச்சு, அந்தம்மா காதுல விழுற மாதிரி சொல்லுங்க.

இது கண்ணாடியா?