யாங்சோமுக்குக் கைதட்டியது

யாங்சோம் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் புரியாமல் பூவராகன் குருவைப் பார்க்க மடத்துக்குப் போனார்.

குரு பூவராகனைவிட வயதில் இளையவர். கர்நாடகத்தில் ஒரு திபெத்திய அகதிக் குடியிருப்பில் பிறந்தவர். துறவியாகும் முன், குளிர்காலம்தோறும் பெற்றோருடன் சேலத்துக்கு வந்து நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவர். அதனால் தமிழ் பேசுவார். குரு என்றதும் நாம் எதிர்பார்க்கிற தமிழ் அல்ல அது. பேரம் பேசிப் பழகிய தமிழ். பிறகு நேபாளத்துக்குப் போய், பொக்ராவுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் இந்தச் சின்ன மடத்தில் தங்கிவிட்டார்.

பூவராகன் விருத்தாசலத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். மலையில் வாழும் திபெத்திய அகதிகளுக்குச் சம்பளம் வாங்காமல் ஆங்கிலம் பேசக் கற்றுத்தர வந்திருந்தார். காலையில் குருவிடம் திபெத்திய மொழி படிப்பார். மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருவார். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், மாணவனாக இருப்பதுதான் என்பார்.

குரு முற்றத்து வெயிலில் உட்கார்ந்து நெய்விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"யாங்சோம் ரெண்டு மூணு நாளா வரல சாமி."

"யாரு, நூடுல்ஸ் கடையில சமைக்கிற பொண்ணா?"

"அவதான். அடுத்த வாரம் காத்மாண்டுல அவளுக்கு இன்டர்வியூ. ஆஸ்பத்திரி வேலை. இங்கிலீஷ்லதான் கேப்பாங்க. கிடைச்சா அடுப்படியை விட்டு வெளிய வந்துடுவா. இல்லேன்னா காலத்துக்கும் அதே கடைதான். இந்த நேரம் பாத்து நின்னுட்டாளே."

"கடைக்குப் போய்க் கூப்பிட்டீங்களா?"

"போனேன். சிரிச்ச முகமாத்தான் பேசினா. கிண்ணம் நிறைய சூப் ஊத்தினா. வகுப்புக்கு வாயேன்னு கேட்டா, நாளைக்கு வர்றேன்னா. மறுநாளும் வரல."

"கடைசியா வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. சொல்லப்போனா அன்னைக்கு மாதிரி அவ பேசினதே இல்ல."

"என்ன பேசினா?"

"நீ திபெத்துலேர்ந்து எப்படி வந்தேன்னு கேட்டேன். பனியில மலையைத் தாண்டினது, வழியில தம்பி நடக்க முடியாம உக்காந்துட்டது, கூட்டிட்டு வந்த ஆளு 'அவனை விட்டுட்டு நட'ன்னு சொன்னது, திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இவ நடந்தது... எல்லாத்தையும் இங்கிலீஷ்ல தங்குதடை இல்லாமச் சொன்னா சாமி."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"வெரி குட்னேன். எல்லாரும் ஜோரா ஒரு தடவை கைதட்டுங்கன்னேன். தட்டினாங்க."

அவர் பள்ளிக்கூடத்தில் அதுதான் வழக்கம். நன்றாக ஒப்பித்த பிள்ளைக்கு வகுப்பே கைதட்டும். அந்தப் பிள்ளை வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு போய் உட்காரும்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். வாத்தியார்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே தெரியாது. பூவராகன் ஒரு காரணத்தைத் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"திபெத்துல பேய் பிசாசை விரட்டத்தான் கைதட்டுவாங்கன்னு எங்கயோ படிச்சேன். அதைத் தப்பா எடுத்துக்கிட்டாளோ?"

"அது எங்க பாட்டன் காலத்துப் பழக்கம் சார். யாங்சோம் டிவியில பாட்டுப் போட்டி பாத்து விசிலே அடிப்பா."

"அப்போ வேற என்னதான் காரணம்?"

"உக்காருங்க. இன்னைக்குப் பாடம் இன்னும் நடக்கல."

"பாடம் கிடக்கட்டும் சாமி. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"உக்காருங்க சார்."

பூவராகன் உட்கார்ந்தார். குரு ஒரு திரியை உருட்டியபடியே திபெத்திய மொழியில் கேட்டார்.

"உங்கள் மகன் எப்படி இறந்தான்?"

பூவராகன் அவர் முகத்தையே பார்த்தார். மகனைப் பற்றி, இங்கே வந்த புதிதில் ஒரே ஒரு தடவை குருவிடம் சொல்லியிருந்தார். அதன் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"தமிழ்ல சொல்லட்டுமா?"

"இது திபெத்துப் பாடமாச்சே."

சில மாதம் படித்தவரிடம் எத்தனை சொல் இருக்கும்? சாப்பாடு, தண்ணீர், விலை, வா, போ. அவற்றை வைத்துக்கொண்டுதான் அவர் ஆரம்பித்தார்.

"என் மகன். பெயர் கதிரவன். நல்ல பையன்."

குரு தலையாட்டினார்.

"வேலை முடிந்தது. வண்டியில் வந்தான். மழை."

லாரிக்குத் திபெத்தியச் சொல் தெரியவில்லை. "பெரிய வண்டி" என்றார். கையால் பெரிதாகக் காட்டினார். இறந்தான் என்ற சொல் குருவின் கேள்வியிலேயே இருந்தது. அதை எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அவன் அம்மா சோறு போட்டு வைத்திருந்தாள். அவன் வீட்டுக்கு வரவில்லை."

குரு திரியைக் கீழே வைத்தார். கைதட்டினார்.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க சார். உச்சரிப்பு தேறிடுச்சு. அடுத்தது, கடையில காய்கறி வாங்குறது."

பூவராகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டார்.

"சாமி, அது என் பையன்."

"அது அவ தம்பி சார்."

பூவராகன் முற்றத்தின் ஓரம்வரை போனார். செருப்பைக் காலில் மாட்டினார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

குரு பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து அவர் பக்கம் நகர்த்தினார். பூவராகன் அதை எடுத்தார், திரிக்கத் தோன்றவில்லை.

"எனக்கு முன்னாடி இங்கிலீஷ் சொல்லித்தர வந்தவங்களும் இதையேதானே சாமி கேட்டிருப்பாங்க?"

"எல்லாரும் கேட்டாங்க. ஒரு அமெரிக்காப் பொண்ணு கேட்டுட்டுத் தேம்பித் தேம்பி அழுதுச்சு. யாங்சோம்தான் டீ போட்டுக் குடுத்துச் சமாதானம் பண்ணினா. கொரியாக்காரர் ஒருத்தர் போன்ல பதிவு பண்ணிட்டுப் போனாரு. சத்தம் சரியா விழலன்னு மறுநாள் வந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாரு."

"சொன்னாளா?"

"சொன்னா. உதவி பண்ண வந்தவங்க, முகம் கோணக் கூடாதுல்ல."

பூவராகன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை.

"அவகிட்ட வேற எதைத்தான் கேக்குறது சாமி? அவளுக்கு நடந்தது அதுதானே?"

"அது நடந்தப்போ அவ சின்னப் பொண்ணு. அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல இந்த ஊர்லதான் இருக்கா. நாலு பேர் செய்யற சமையலை ஒருத்தியா செய்யறா. கடைக்காரிகூடச் சண்டை போட்டு ரெண்டு தடவை வேலையை விட்டிருக்கா. ஒரு பஸ் டிரைவரைக் காதலிச்சு, அப்புறம் ஆளு சரியில்லன்னு அவளே வேண்டாம்னுட்டா. அதையெல்லாம் இங்கிலீஷ்ல அவகிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல."

எங்கோ கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவு திரும்பியது. பூவராகன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இப்பவே போய் அவகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

"கேளுங்க."

"கேட்டா, நாளைக்கு வகுப்புக்கு வந்துடுவாளா?"

குரு அடுத்த திரிக்குப் பஞ்சைப் பிரித்தார்.

"நீங்க நாளைக்கு என்கிட்டப் பாடத்துக்கு வருவீங்களா சார்?"