உப்பின் மேல் நூற்றைம்பது

"யாரு பொய் சொல்லுதா, டாக்டர்? மீட்டரா, பெட்டியா?"

கொழுந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார். கேள்வி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

எஸ்தர் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மீட்டர் என்ன சொல்லுது?"

"நூத்தறுபது."

"பெட்டி?"

"நூத்தி முப்பத்தெட்டு."

"ரெண்டும் உண்மையத்தான் சொல்லுது," என்று டீயை நீட்டினார் எஸ்தர்.

கொழுந்துவுக்கு எரிச்சல் வந்தது. ஞானம் தேடி வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது அதுதான்.

*

உப்பளங்களுக்குத் தெற்கே வெள்ளைக் களர் என்று ஒரு வெளி இருக்கிறது. மழைக்காலத்தில் அது ஏரி. கோடையில் தண்ணீர் போய், உப்பே தரையாகிக் கிடக்கும்.

மரம் கிடையாது. கல் கிடையாது. காலை வெயில் ஏறினால் தூரத்தில் கானல் எழும்பும். நின்றிருக்கும் ஆட்கள் தண்ணீரில் மிதப்பது போலத் தெரிவார்கள்.

வருஷத்தில் சில வாரங்கள், வேலை வெட்டி உள்ள சில பேர், வேலை வெட்டி இல்லாதவர்கள் மாதிரி இங்கே மோட்டார் சைக்கிளோடு வந்து கூடுவார்கள். பரிசு கிடையாது. நேராகப் போக வேண்டும். வேகமாகப் போக வேண்டும். அவ்வளவுதான்.

வழியில் இரண்டு பெட்டிகள் வைத்திருக்கும். ஒன்றைத் தாண்டி இன்னொன்றைத் தாண்டும் நேரத்தை வைத்து அவை வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும். அதைப் பார்த்து உரக்கச் சொல்கிறவர் மஸ்தான். குடையும் மெகாபோனும் அவர் சொத்து.

எஸ்தர் ஊரில் கண் டாக்டர். இந்த வெளியில் அவரைவிட வேகமாக யாரும் போனதில்லை. எப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

திருமலைக்கொழுந்து மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு. எஸ்தரைவிட இருபது வயது மூத்தவர். தலை நரைத்த பிறகும் ஊர் அவரைக் கொழுந்து என்றுதான் கூப்பிட்டது.

அவருக்கு ஒரு ஆசை. நூற்றைம்பது. வேறொன்றும் வேண்டாம்.

அன்று கடைசி நாள். தெற்கே மேகம் கட்டியிருந்தது. மதியத்துக்குள் மழை வந்துவிட்டால் வெள்ளைக் களர் மறுபடியும் ஏரி.

*

எஸ்தர் எழுந்து வந்தார். கொழுந்துவின் வண்டியைப் பின்சக்கரம் தரையில் படாதபடி இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினார். என்ஜினை ஸ்டார்ட் செய்தார். கியர் போட்டார். ஆக்சிலேட்டரைத் திருகினார்.

பின்சக்கரம் சுழன்றது. கொழுந்து புதிதாக மாட்டிய மீட்டர் பின்சக்கரத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்கிற மீட்டர்.

"எவ்வளவு?"

"எண்பது."

"எண்பதுல போறீங்க. இப்ப எந்த ஊருக்கு வந்திருக்கீங்க, சார்?"

கொழுந்து சுற்றிலும் பார்த்தார்.

"இங்கனதான் நிக்கேன்."

எஸ்தர் என்ஜினை அணைத்துவிட்டு டீக்குத் திரும்பிப் போய்விட்டார்.

*

கொழுந்து முட்டாள் இல்லை. புரிந்துகொண்டார். சக்கரம் ஓடுகிறது, வண்டி அந்த அளவு ஓடவில்லை. உப்பில் சறுக்குகிறது.

ஆனால் ஒரே நினைப்பில் ரொம்ப நாள் இருந்தவனுக்கு எந்தப் பதிலும் அந்த நினைப்புக்குத்தான் தீனி.

"வண்டி இன்னும் கனமா இருக்கு," என்றார் தனக்குள். "இன்னும் குறைக்கணும்."

ஒரு தார்ப்பாயில் அவர் அதுவரை கழற்றியதெல்லாம் குவிந்து கிடந்தது. கண்ணாடிகள், ஹெட்லைட், ஹாரன், பின்சீட், பின்சீட்டின் கால்படிகள். போன மாதத்திலிருந்து ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டிருந்தார். அதைத் தார்ப்பாயில் போட முடியவில்லை.

இப்போது பின் மட்கார்டையும் கழற்றினார். தன் சீட்டுக்குள் இருந்த ஸ்பாஞ்சைக் கிழித்து எடுத்தார்.

தோல் உடுப்பை இழுத்து மாட்டினார். மணிக்கட்டில் கயிற்றைக் கட்டினார். ஆள் தூக்கி எறியப்பட்டால் அந்தக் கயிறு இழுத்து என்ஜினை நிறுத்திவிடும்.

போனார்.

மஸ்தானின் குரல் கானலுக்குள்ளிருந்து வந்தது.

"நூத்தி முப்பத்தினாலு! கொழுந்தண்ணே, கழுதைக்கு வழி விடுங்க!"

*

வெறும் இரும்பின் மேல் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கொழுந்து உப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர், கழத்துறதுக்கு இனிமே என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

எஸ்தர் தார்ப்பாயின் அருகே குந்தினார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை வைத்தார். ஹாரனை வைத்தார். ஒரு கம்பித் தட்டியை எடுத்தவர் அதைக் கீழே வைக்கவில்லை.

"இது?"

"சேலை கார்டு."

பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க மாட்டுவது. எஸ்தருக்கும் அது தெரியும்.

"யாரு சேலை?"

கொழுந்து கை நீட்டி அந்தக் கம்பியைத் தொட்டார்.

"பேச்சி," என்றார். "என் வீட்டுக்காரி."

"வரலையா அவங்க?"

"போன வருஷம் தவறிட்டா."

காற்று தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் போட்டது.

"நான் அறுபதைத் தாண்ட மாட்டேன், டாக்டர். கல்யாணம் ஆன நாள்லேருந்து அறுபதுதான். பேச்சி பின்னால இருந்து தோளத் தட்டுவா. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்பா. ஊரெல்லாம் பொம்பளைங்க மெதுவாப் போகச் சொல்லுவாங்க. இவ நேர்மாறு. ஒருநாள் திருச்செந்தூர் போயிட்டு வரும்போது கேட்டா, நூத்தம்பதுல போனா காத்து எப்படி இருக்கும்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காத்து காத்தாத்தான் இருக்கும்னேன்."

எஸ்தர் சிரிக்கவில்லை.

"காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் இதே வண்டிலதான். அன்னைக்கும் அறுபதுதான். அன்னைக்கு மட்டும் தோளத் தட்டல."

கொழுந்து ஒரு பிடி உப்பை எடுத்துக் கீழே விட்டார்.

"வெள்ளிக்கிழமை முதல் தெவசம். அதுக்கு முன்னாடி நூத்தம்பது போகணும். அவளுக்காகத்தான் ஓடுதேன்."

எஸ்தர் சேலை கார்டைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க எங்க உட்காருவாங்க, சார்?"

கொழுந்துவும் பார்த்தார்.

அவர் சீட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இரண்டு இரும்புக் குழாய்களும் அவற்றுக்கு நடுவே வானமும் இருந்தன.

*

எஸ்தர் வண்டியின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அது இறங்கவே இல்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். அப்போதும் கட்டை மாதிரி நின்றது.

"இங்க வாங்க."

பின்சக்கரத்தின் இருபக்கமும் ஸ்ப்ரிங் வைத்த ஷாக் அப்சார்பர். அதன் அடியில் படிபடியாக வெட்டிய ஒரு வளையம் உண்டு. தனியாகப் போகிறவர் அதைத் திருப்பி மெத்தென்று வைத்துக்கொள்வார். இன்னொருவரை ஏற்றுகிறவர் இறுக்கி வைப்பார்.

"இது யாருக்கு வச்சது?"

கொழுந்து குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"ரெண்டு ஆளுக்கு."

"அதான் ஒத்தை ஆளைத் தாங்கிக்கிட்டுத் துள்ளுது. சக்கரம் தரையில நிக்க மாட்டேங்குது." எஸ்தர் தார்ப்பாயைக் காட்டினார். "ஆணி மிச்சம் இல்லாம எல்லாத்தையும் கழத்தியிருக்கீங்க. இதை ஏன் தொடல?"

"மறந்துட்டேன்."

எஸ்தர் வளையத்தின் மேல் விரலை வைத்தார்.

"மறக்கல," என்றார் கொழுந்து.

பிறகு அழுதார். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அதற்குள் அழுதார். வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட அழுகை.

எஸ்தர் பக்கத்திலேயே நின்றார். அழுது முடிந்ததும் ஸ்பேனரை நீட்டினார்.

"ரெண்டு வழி இருக்கு. வளையத்தைத் திருப்பி ஒத்தை ஆளுக்கு வைக்கலாம்."

கொழுந்து ஸ்பேனரை வாங்கினார். வளையத்தில் மாட்டினார். திருப்புவதற்குக் கை வரவில்லை.

"இன்னொரு வழி?"

எஸ்தர் தெற்கே மேகத்தைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மஸ்தானின் குடைப் பக்கமாக நடந்தார்.

*

கொழுந்து வெகுநேரம் நின்றார்.

பிறகு பின்சீட்டை எடுத்து மாட்டினார். கால்படிகளை மாட்டினார். கடைசியாகச் சேலை கார்டை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, மாட்டினார்.

கருவிகள் கொண்டுவந்த சாக்கைக் கொட்டிக் காலி செய்தார். உப்பை அள்ளி அதில் நிரப்பினார். பின்சீட்டின் மேல் வைத்துப் பார்த்தார்.

பத்தவில்லை.

பேச்சி ஏறி உட்காரும்போது அந்த ஸ்ப்ரிங் ஒரு சத்தம் போடும். கதவு மெல்லத் திறப்பது போல. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் கியர் போடுவார். கேட்டுக் கேட்டு, கேட்பதையே மறந்திருந்தார்.

மறுபடி அள்ளினார். வைத்தார். இல்லை.

இன்னும் இரண்டு கை அள்ளினார். மூட்டையைக் கட்டித் தூக்கி, மெல்ல வைத்தார்.

சத்தம் வந்தது.

கொழுந்து அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வேறொரு கயிறு எடுத்து மூட்டையைப் பின்சீட்டோடு இறுக்கிக் கட்டினார்.

"என்னண்ணே, உப்பு யாவாரமா?" மெகாபோனில் மஸ்தான் கேட்டார். "கனம் குறைக்க வந்த மனுஷன் மூட்டையோட கிளம்பிட்டாரே! டாக்டர், இது சட்டத்துல இருக்கா?"

"பெட்டி வேகத்தை மட்டுந்தான் பார்க்கும்," என்றார் எஸ்தர். "யாரு யாரு வந்தாங்கன்னு கேக்காது."

*

முதல் கியர். இரண்டாம் கியர்.

சக்கரம் துள்ளவில்லை. உப்பைப் பற்றிக்கொண்டு போனது.

மூன்றாம் கியரில் கொழுந்து தாடையை டேங்க்கின் மேல் வைத்துப் படுத்தார். காற்று அவரைத் தொடாமல் முதுகுக்கு மேலாகப் போயிற்று. நான்காம் கியரில் மஸ்தானின் குடை ஒரு கறுப்புப் புள்ளியாகி, கரைந்தது.

அதற்கப்புறம் வெள்ளை மட்டும்தான்.

வண்டி போவதாகவே தெரியவில்லை. தான் ஓரிடத்தில் படுத்திருப்பது போலவும், உலகம் முழுக்க ஒரு வெள்ளை வேட்டியாகி, அதை யாரோ அடியிலிருந்து உருவிக்கொண்டிருப்பது போலவும் இருந்தது. என்ஜின் சத்தம் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்பது போல் கேட்டது. பயம் இல்லை. அவசரமும் இல்லை. முன்னால் கானல் விரிந்தது. அதில் வானம் தலைகீழாகக் கிடந்தது. அதன் மேல் போனார்.

முதுகில் ஒரு கனம் சாய்ந்திருந்தது. தெரிந்த கனம்.

இன்னும் கொஞ்சம்.

யார் சொன்னது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆக்சிலேட்டரில் மிச்சம் இருந்ததையும் திருகினார்.

பெட்டிகள் வந்ததும் போனதும் தெரியவில்லை. முடிவில் நட்டிருந்த கொடியைப் பார்த்துத்தான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. வேகம் குறைய நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காற்று நெஞ்சில் வந்து விழுந்தது.

காற்று காற்றாகத்தான் இருக்கும் என்று சொன்ன மனுஷன். அது காற்றாக இல்லை. யாரோ ஓடிவந்து கட்டிக்கொண்டது போல இருந்தது. ஐயோ பேச்சி, இதைத்தானா கேட்டாய் என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே சொன்னார்.

*

"நூத்தி அம்பத்தி ரெண்டு!"

மஸ்தான் குடையைத் தூக்கி எறிந்தார். அது உப்பின் மேல் உருண்டு போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

கொழுந்து திரும்பி வந்தார். மெதுவாக வந்தார். மீட்டர் அறுபது காட்டியிருக்கலாம். எஸ்தர் நின்ற இடத்துக்கு வந்து என்ஜினை நிறுத்தினார். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

முதல் மழைத்துளி டேங்க்கின் மேல் விழுந்தது.

"மீட்டர் எவ்வளவு சொல்லிச்சு?" என்று கேட்டார் எஸ்தர்.

"பார்க்கல."

துளிகள் கூடின. ஆட்கள் தார்ப்பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். கொழுந்து வண்டியை விட்டு அசையவில்லை.

"மழை வந்திட்டு, சார். இறங்கலையா?"

கொழுந்து ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை ஆடாமல் நிறுத்திக்கொண்டார்.

"பின்னால இருக்கவுங்க இறங்குனாத்தானே நான் இறங்க முடியும், டாக்டர்."

எஸ்தர் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார். மூட்டையை இரண்டு கையாலும் தாங்கி, மெல்ல இறக்கிவிட்டார்.

ஸ்ப்ரிங் சத்தம் போட்டது.