நூறு நிலை மாளிகை

மருதபுரி மன்னர் வச்சிரமாறனுக்கு ஆசை வந்தால் சின்னதாய் வராது. பக்கத்து நாட்டான் ஏழு நிலைக் கோபுரம் கட்டினான் என்று கேட்டதும், நூறு நிலையில் ஒரு மாளிகை வேண்டுமென்றார். கீழே அங்காடி, அதற்கு மேல் அரசாங்கக் கச்சேரிகள், அதற்கும் மேல் வீடுகள், உச்சியில் மன்னர். வெற்றிலை வாங்கக்கூட யாரும் தெருவில் இறங்க வேண்டியதில்லை.

தலைமைச் சிற்பி குழைக்காதன் காற்றின் வேகம், சுவரின் கனம் எல்லாம் கணக்குப் போட்டு, அடித்தளத்துக்கு ஆழமாய்க் கடைக்கால் தோண்ட ஆரம்பித்தார்.

அந்தப் பதவியில் தன் மைத்துனனை உட்கார்த்தக் காத்திருந்த மந்திரி திருவாழி, மன்னர் காதைக் கடித்தார். "அரசே, மிளகாய் விற்கிறவன் கடை எழும்பிய பிறகா தங்கள் மாளிகை? மரியாதையாகவா இருக்கிறது?"

"அதானே! என் நிலைதான் முதலில். பதினைந்து நாளில் முடியாவிட்டால் சிற்பி நாட்டை விட்டே போகட்டும்."

குழைக்காதன் அவைப்புலவர் கொண்டலிடம் ஓடினார். "அந்தரத்தில் எதை ஐயா நிறுத்துவேன்? வீட்டில் அவள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்."

"கடைக்கால் குழி தோண்டியாயிற்றா?"

"ஆயிற்று."

"அதில் ஒரு கட்டில் போடும். பட்டு விரிக்க மறக்காதீர்."

பதினைந்தாம் நாள் கட்டியக்காரன் முன்னே புகழ் பாடிவர, மந்திரியோடு மன்னர் வந்தார். மேலே பார்த்தார், வானம். கீழே பார்த்தார், குழிக்குள் கட்டில். மீசை துடித்தது.

"தங்கள் மாளிகை அரசே. முதலில் முடித்தாயிற்று," என்றார் கொண்டல்.

"குழியிலா?"

கொண்டல் கட்டியக்காரனைப் பார்த்தார். "மந்திரி எழுதித் தந்த கட்டியத்தை இன்னொரு தடவை சொல்லும்."

"மண்ணையும் மக்களையும் ஒற்றை ஆளாய்த் தாங்கும் மாமன்னர்..."

"கேட்டீர்களா? எல்லாரையும் தாங்குவது கடைக்கால்தான். முதலில் கட்டுவதும் அதைத்தான். உச்சியில் உட்கார்ந்தால் அவர்களல்லவா தங்களைத் தாங்குவார்கள்?"

திருவாழி பதறினார். "அரசே, அது சும்மா புகழ்ச்சி! அதையெல்லாம் நிஜமென்று எடுத்துக்கொள்ளலாமா?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது.

"பன்னிரண்டு வருஷமாய் நீர் புகழ்ந்ததெல்லாம் சும்மாவா?" மன்னர் முறைத்தார். குழியை ஒருமுறை, மந்திரியை ஒருமுறை பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குழைக்காதரே, கீழிருந்தே கட்டும். அவசரமில்லை." சால்வையைக் கழற்றிக் கொண்டலுக்குப் போர்த்தினார். "புலவரே, மந்திரிக்கு எந்த நிலையை ஒதுக்கலாம்?"

"ஒதுக்கவே வேண்டாம் அரசே. முகத்தைப் பாருங்கள், அவரே குடியேறிவிட்டார். பரிதாப நிலை."